கூந்தல் தைலமும் கூடைக் கயிறும்

தமிழில் விமர்சனம் என்ற பேச்சை எடுத்த மாத்திரத்தில் நக்கீரர் நினைவுக்கு வருகிறார். திருவிளையாடற் புராணம் கூறும் அக்கதையை அறியாத தமிழர் அரியர். 1965ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படம் அதனை எழுத்தறியாத மக்களிடமும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. இறைவனையே எதிர்த்து நின்ற புலவரின் அஞ்சாமையை மேடைதோறும் புகழ்கிறோம். ஆனால், அவ்வழக்கு எதைப் பற்றியது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்பதே அங்கு எழுந்த கேள்வி. குறுந்தொகையின் 2ஆம் பாட்டைச் சுற்றிப் பின்னாளில் வளர்ந்த கதை அது. கூந்தலின் மணம் கூந்தலுக்கு உரியதன்று, அதிற் சேரும் மலரால் வருவது என்றார் நக்கீரர். பாட்டின் அழகை அவர் மறுத்தாரில்லை. அழகிய சொல்லுக்குப் பின்னால் நிற்கும் பொருள் என்ன என்று கேட்டார், அவ்வளவே.

அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்பதற்கு மிகப் பொருத்தமான காலம் ஒன்று நமது வரலாற்றில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளே அக்காலம். கூந்தலின் மணமும் கருமையும் நீளமும் கண்ணாடிப் புட்டியில் அடைபட்டுத் தபால் மூலம் வீடு தேடி வரத் தொடங்கிய காலம் அது. நாவலும் சிறுகதையும் நம்மிடையே வேரூன்றிய காலமும் அதுவே. 1915இல் தோன்றிய ‘ஆனந்த போதினி’, 1926இல் தோன்றிய ‘ஆனந்த விகடன்’, இலங்கையில் 1930இல் தோன்றிய ‘வீரகேசரி’ என்று பத்திரிகைகள் பெருகின. பத்திரிகை வளர விளம்பரம் வளர்ந்தது. விளம்பரம் வளரப் பத்திரிகை வளர்ந்தது. ஆயினும் நமது இலக்கிய வரலாற்றாசிரியர்கள் கதைப் பக்கங்களை மட்டுமே புரட்டினர். பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தவர் மிகச் சிலரே. அப்பின்னட்டையில் அச்சானதும் ஓர் உரைநடைதான் என்பதும், அதனைக் கதைகளைவிடக் கூடுதலான மக்கள் படித்தனர் என்பதும் அவர்கள் கணக்கில் வரவில்லை.

அவ்வுரைநடையின் தன்மையை முதலில் நோக்குவோம். அதற்கு முன்னோடி நமது சிற்றிலக்கியங்களின் கேசாதிபாத வருணனையே. கருமுகில், மயில் தோகை, கொன்றைக் காய் என்று புலவர்கள் அடுக்கிய உவமைகளையெல்லாம் தைல வியாபாரி செலவின்றி எடுத்துக்கொண்டான். ஒரேயொரு வேறுபாடு உண்டு. புலவன் கேசத்தில் தொடங்கிப் பாதம் வரை சென்றான். வியாபாரி கேசத்தோடு நின்றுகொண்டான், பாதத்துக்கு வேறொரு கம்பெனி இருந்தது. புலவனின் உவமையை எவரும் வாக்குறுதியாகக் கொள்வதில்லை. வியாபாரியின் உவமையோ வாக்குறுதியாகவே விற்கப்பட்டது. உவமை விலைச்சீட்டாக மாறிய இந்த இடத்தில்தான் விமர்சகனுக்கு வேலை தொடங்குகிறது.

அப்புட்டிகளுக்குள் இருந்தவை எவை?

மேனாட்டுச் சரக்குகளை முதலில் எடுத்துக்கொள்வோம். நரையை மாற்றுவதாகக் கூறிய அமெரிக்கத் தைலங்களிற் பெயர்பெற்றவை எயர் கம்பெனியின் ‘ஹேர் விகர்’, ஹால் கம்பெனியின் ‘சிசிலியன் ஹேர் ரினியூவர்’ ஆகியன. பின்னது ‘தாவர’ மருந்து என்றே பெயர் சூட்டிக்கொண்டது. ஆனால் இவ்வகைத் தைலங்களில் வேலை செய்தது தாவரமன்று. ஈயத்தின் உப்பாகிய லெட் அசிடேட். அது கந்தகத்தோடு கூடிக் கரிய ஈய சல்பைடாக மாறி மயிரின் மேல் படிகிறது. நாளுக்கு நாள் படிவதால், இளமை மெல்ல மெல்லத் திரும்புவது போன்ற தோற்றம் உண்டாகிறது. உண்மையில் திரும்பியது இளமையன்று, நஞ்சு. மயிரை வளர்ப்பதாகக் கூறிய ‘டானிக்’ வகைகளில் சாராயமும், கொயினாவும், மிளகாய்ச் சத்தும், காந்தாரிடிஸ் என்னும் வண்டுத் தூளும் சேர்ந்தன. இவை தலைத்தோலை எரியச் செய்யும். எரிச்சல் கண்டவர் மருந்து வேலை செய்கிறது என்று நம்பினார். தரை வரை புரண்ட தமது கூந்தலையே காட்சிப் பொருளாக்கிய சதர்லாந்து சகோதரிகள் எழுவரின் தைலத்தைப் பரிசோதித்தபோது, அதிற் பெரும்பகுதி ‘விட்ச் ஹேசல்’ என்னும் செடியின் வடிநீரும் ‘பே ரம்’ என்னும் வாசனைச் சாராயமுமே எனத் தெரிந்தது.

இவ்வேமாற்றை அக்காலத்திலேயே வெளியிட்டவர்கள் உண்டு. பிரித்தானிய மருத்துவச் சங்கம் 1909இலும் 1912இலும் இரகசிய மருந்துகளைப் பற்றி இரு நூல்களை வெளியிட்டது. விலை என்ன, உள்ளே இருப்பது என்ன என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதே அந்நூல்களின் பணி. நக்கீரர் செய்ததைப் பரிசோதனைக் குழாயின் துணையோடு செய்தனர் எனலாம். ஆயினும் சட்டம் அசைவதற்குக் கண்கள் பலியாக வேண்டியிருந்தது. நிலக்கரித் தாரிலிருந்து பிறந்த பாராபெனிலின்டையமின் என்னும் சாயப்பொருள் 1907ஐ ஒட்டிப் பிரான்சில் ஷுல்லர் என்ற இரசாயனியின் கையில் பெருவாணிபமாக வளரத் தொடங்கியது. அதே பொருள் கலந்த இமைச்சாயம் ஒன்று 1930களில் அமெரிக்கப் பெண்கள் சிலரின் பார்வையைக் கெடுத்தது. 1938இல் அந்நாட்டில் அழகுப் பொருள்களைச் சட்டத்துக்குள் கொண்டு வந்தபோதும், தலைமயிர்ச் சாயத்துக்கு மட்டும் எச்சரிக்கை வாசகத்தோடு விலக்கு அளித்தனர். இமையைக் காத்த சட்டம் தலையைக் கைவிட்டது.

நமது நாட்டுச் சரக்கு இதைவிட நிரபராதியானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்கத்தாவில் சி. கே. சென் கம்பெனி 1878இலிருந்து விற்ற ‘ஜபாகுசும்’ முதலாக எண்ணற்ற கூந்தல் தைலங்களுக்கு அடிப்படை எண்ணெய்தான். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், ஆமணக்கெண்ணெய் ஆகியவற்றில் நெல்லி, கரிசலாங்கண்ணி, செம்பரத்தை, மருதோன்றி, அவுரி என்று நாமறிந்த மூலிகைகள் சேரும். காலம் செல்லச் செல்லப் பெட்ரோலியத்திலிருந்து வடித்த நிறமற்ற மலிவெண்ணெயும், செயற்கை வாசனையும், பச்சைச் சாயமும் சேர்ந்தன.

ஆனால் நாம் கவனிக்க வேண்டிய குற்றம் வேறிடத்தில் உள்ளது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடும் பகுதியை நினைவுகூர்வோம். பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஆகியவை ஊறிய நீரென்று இளங்கோ கணக்குச் சொல்கிறார். அவை ஒவ்வொன்றும் எவையென்று அடியார்க்குநல்லார் தமது உரையில் பட்டியல் தருகிறார். ஆயுர்வேத வழியில் வந்த நீலிபிருங்காதித் தைலத்தின் செய்முறையும் நூலில் உள்ளது. அவுரி, கரிசலாங்கண்ணி, நெல்லி, தேங்காய்ப்பால் என்று எவரும் படித்தறியலாம். காவியமும் மருத்துவ நூலும் ஒளிக்காமல் சொன்னதைக் கம்பெனிப் புட்டி ‘பரம இரகசியம்’ என்றது. பாட்டிமார் கைப்பக்குவமாக ஊர்ப் பொதுவில் இருந்த அறிவு, தனியொருவர் உடைமையாக மாறியது. மக்களிடமிருந்து எடுத்ததை மக்களுக்கே மறைத்து விற்பதுதான் இங்கு நிகழ்ந்த மாற்றத்தின் சாரம். சேர்க்கைப் பொருளில் புதுமை ஏதுமில்லை. புதிதாகச் சேர்ந்தது இரகசியம் ஒன்றே.

இனி, இலக்கியத்துக்கும் தைலத்துக்கும் நேரடியாக ஏற்பட்ட உறவொன்றைக் காண்போம். கல்கத்தாவில் ‘குந்தளின்’ என்னும் கூந்தல் தைலத்தைச் செய்து விற்றவர் ஹேமேந்திர மோகன் போஸ். 1896இல் அவர் தமது தைலத்தின் பெயரால் சிறுகதைப் பரிசு ஒன்றை ஏற்படுத்தினார். கதையில் தைலத்தின் பெயர் வரவேண்டும், ஆனால் கதை விளம்பரமாகத் தோன்றலாகாது என்பது நிபந்தனை. வியாபாரி இலக்கியத்தை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தான் பாருங்கள்! 1903இல் இப்பரிசு சரத் சந்திரரின் ‘மந்திர்’ என்ற கதைக்குக் கிடைத்தது. அவர் அதைத் தம் மாமன் சுரேந்திரநாதர் பெயரில் அனுப்பியிருந்தார். முதலாண்டுப் பரிசைப் பெற்ற கதையை எழுதியவரோ விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ்.

அக்கதை நமக்கு இருவகையில் முக்கியமானது. கல்கத்தாவைத் தாக்க வந்த பெரும்புயல் திடீரென்று மறைந்துவிடுகிறது. மேனாட்டு வானிலை அறிஞர்கள் காரணம் தெரியாமல் திகைக்கின்றனர். நடந்தது இதுதான்: நோயிலிருந்து தேறிய ஒருவர், தலைமயிர் உதிர்ந்த நிலையில், கடற்காற்று வாங்கக் கப்பலேறுகிறார். நடுக்கடலில் புயல் எழ, மகள் பெட்டியில் வைத்தனுப்பிய கூந்தல் தைலத்தைக் கடலில் எறிகிறார். எண்ணெய் பரவி அலை அடங்குகிறது. இக்கதையை 1921இல் வெளியான ‘அவ்யக்த’ என்ற தொகுப்பில் ‘ஓடிப்போன புயல்’ என்ற பொருள்படும் தலைப்பில் அவர் திருத்திச் சேர்த்தார்.

இதில் போஸ் செய்த காரியம் கவனத்துக்குரியது. தைலத்தைப் புகழ வேண்டிய இடத்தில் அதன் மாயத்தை உரித்துவிட்டு எண்ணெயை எண்ணெயாகவே பார்க்கிறார். எண்ணெய்க்கு நீரின் மேற்பரப்பை அமைதிப்படுத்தும் இயல்புண்டு என்பது பௌதிகம். மயிர் வளர்ந்ததா என்ற கேள்வியைக் கதை சிரித்தபடியே கடலில் எறிந்துவிடுகிறது. வியாபாரியின் நிபந்தனைக்குள் நின்றே வியாபாரியின் வாக்குறுதியைக் கேலி செய்யக் கலைஞனால் முடியும் என்பதற்கு இக்கதை சான்று. எல்லா விளம்பரதாரனிடமும் பேனா அடிமைப்பட்டே தீரும் என்று கூறும் நம்மவர் சிலர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இக்கதை நமக்கு முக்கியமாவதற்கு இரண்டாவது காரணம் அந்தக் கப்பலின் திசை. கதாநாயகர் செல்வது இலங்கைக்கு. உடல் தேற ஒரு கனவான் இலங்கைக்குக் கப்பலேறிய அதே காலத்தில், உடலை விற்க ஆயிரமாயிரம் தமிழ் ஏழைகளும் இத்தீவுக்குக் கடல் கடந்துகொண்டிருந்தனர். அவர்கள் பெட்டியில் தைலப் புட்டி இருக்கவில்லை. பெரும்பாலோரிடம் பெட்டியே இருக்கவில்லை. மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து மாத்தளை வரை நடந்து மலையேறிய பழைய தலைமுறையின் வழித்தோன்றல்கள் கண்டியைச் சூழ்ந்த மலைகளில் இன்றும் வாழ்கின்றனர். நமது கட்டுரை அங்கேதான் செல்ல வேண்டியிருக்கிறது.

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாகச் செல்லும் பாதை மடுல்கெல்லவை அடைகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடியில் அமைந்த இப்பகுதி முன்பு கோப்பிக்குப் பேர்போனது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்கு மாறியது. இங்குள்ள தோட்டமொன்றின் லயத்தில் ஓய்வுபெற்ற தொழிலாளப் பெண்மணி ஒருவரை நாம் சந்தித்தோம். புகைபடிந்த சுவரில் பழைய நாட்காட்டிப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. முழங்கால் வரை கூந்தல் புரளும் ஓர் அழகி அதில் தைலப் புட்டியோடு நின்றாள். அப்படத்தைப் பற்றிப் பேச்செழுந்தபோது அம்முதியவர் முக்காட்டை விலக்கித் தமது உச்சந்தலையைக் காட்டினார். கூடைக் கயிறு படியும் இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மயிரே இல்லை. நாம் ஏதோ ஆறுதல் கூற முற்பட்டோம்.

“பேரு விழுந்தாப் போதும் தம்பி. முடி விழுந்ததை யாரு செக்ரோல்ல எழுதப் போறா?” என்றார் அவர்.

தோட்டத்தில் ‘பேர்’ என்பது ஒரு முழுநாட் சம்பளம். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் பேர் விழும், குறைந்தால் அரைப்பேர். கொழுந்து நிறையும் கூடையின் பாரம் முழுவதும் முதுகில் சாய்ந்து, கயிற்றின் வழியே தலையில்தான் இறங்குகிறது. மழை பெய்தால் ஈரக் கொழுந்தின் பாரமும் கூடும். பத்து வயதிலோ பன்னிரண்டு வயதிலோ ஏறிய கயிறு, ஓய்வு பெறும் வயதில்தான் இறங்கியது. பல தோட்டங்களில் இன்று பிரம்புக் கூடை நைலான் பையாக மாறியிருக்கிறது. கயிறு மட்டும் இடம் மாறவில்லை.

இழுபட்டால் மயிர் உதிரும் என்பது மருத்துவம் அறியாத இரகசியமன்று. தலைமயிரை இறுக இழுத்துக் கட்டும் வழக்கமுடைய கிரீன்லாந்துப் பெண்களிடம் முன்தலை வழுக்கையாவதை 1907லேயே மருத்துவ ஏட்டில் பதிவு செய்துவிட்டனர். அதாவது, கூந்தல் தைல விளம்பரங்கள் உச்சத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்த அதே காலத்தில் உண்மையும் எழுதப்பட்டிருந்தது. ஆனால் விளம்பரங்கள் மயிர் உதிர்வதற்குச் சொன்ன காரணங்கள் எவை? மூளைச் சூடு, அதிகப் படிப்பு, கண் விழிப்பு, கவலை. மூளை குளிர்வதற்கென்றே தைலங்கள் விற்கப்பட்டன. குமாஸ்தாவும் மாணவனும் வக்கீலும் அவற்றை வாங்கினர். மூளையால் உழைப்பவனுக்குத் தைலம் இருந்தது. தலையால் உழைப்பவளுக்கு இல்லை. அவள் தலையைப் பற்றிப் பேசினால் தைலத்தை விற்க இயலாது, கூடையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும். விளம்பர உரைநடையின் வர்க்கப் பார்வை இவ்வளவு தெளிவாகத் துலங்கும் இடம் வேறில்லை.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டப்படி மலையுயர் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் விதிக்கப்பட்டன. கொழுந்தின் பாரத்தைத் தலையில் தாங்கியவளுக்குப் பதினொரு சதம் குறைவு. அந்த வேறுபாடு நீங்க 1984 வரை காத்திருக்க நேர்ந்தது. நாற்பத்து மூன்று சதத்தில் அரிசி போக, மல்லி மிளகாய் போக, தலைக்கு மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமையின் ஒரு கரண்டித் தேங்காயெண்ணெய். அதையும் தேய்த்து முழுகப் பீலிக்கரையில் வரிசை. கூந்தற் பராமரிப்புக்கு இன்றியமையாத இரு பொருள்களை எந்தப் புட்டியும் விற்றதில்லை. ஒன்று தண்ணீர், மற்றது ஓய்வு. இவ்விரண்டும் இல்லாத லயத்தில் பேனும் பொடுகும் பெருகியபோது அதைப் பெண்களின் அசுத்தம் என்று எழுதியவர்களை நாம் மன்னித்தற்கில்லை.

இவ்விடத்தில் நமது அணியினரிடமே ஒரு தவறு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாசனைத் தைலத்தை விரும்பும் தொழிலாளப் பெண்ணை முதலாளித்துவ மோகத்துக்குப் பலியானவள் என்று ஏளனம் செய்யும் கதைகளை நாம் எழுதியிருக்கிறோம். திருநாளுக்குக் கடைக்குப் போய்ப் புட்டித் தைலம் வாங்கும் பெண் அக்கதைகளில் கெட்டுப்போகிறாள்; கதர்ச் சேலை கட்டியவள் மட்டும் திருந்துகிறாள். இது முற்போக்கன்று, பழைய நீதிபோதனையே சிவப்புச் சட்டை அணிந்து வந்திருக்கிறது. மணமும் அழகும் உழைப்பவருக்கும் உரியவை. மாதவிக்கு முப்பத்திரண்டு ஓமாலிகை இருக்கலாம், கொழுந்து பறிப்பவளுக்கு ஒரு துளி மல்லிகை வாசம் கூடாதா?

அமெரிக்க நீக்ரோப் பெண்மணி சாரா பிரீட்லவ் என்பவரின் வரலாறு இதற்குத் துணையாகும். அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1867இல் பருத்தித் தோட்டத்தில் பிறந்து, ஆண்டுக்கணக்கில் துணி வெளுத்துப் பிழைத்தவர் அவர். காரச் சவர்க்காரமும் தண்ணீர்ப் பஞ்சமும் அவர் தலைமயிரையும் உதிர்த்தன. 1906இலிருந்து மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் அவர் விற்ற களிம்பில் வாசலீன், கந்தகம், தேன்மெழுகு, தேங்காயெண்ணெய் முதலியவை இருந்தன. அதிற் பெரிய அற்புதம் ஒன்றுமில்லை. கந்தகம் தலைத்தோலின் நோயைத் தணிக்கும், அடிக்கடி தலை கழுவும்படி அவர் வற்புறுத்தியது அதைவிடப் பயன்பட்டது. அவரும் விளம்பரம் செய்தார், பெருஞ்செல்வம் சேர்த்தார். ஆனால் 1917இல் அவருடைய விற்பனைப் பெண்கள் மாநாடு கூடியபோது, கறுப்பு மக்களைக் கும்பல் கொலை செய்வதைக் கண்டித்து ஜனாதிபதி வில்சனுக்குத் தந்தியும் அனுப்பினர். தம் தலையைப் பேணக் கற்ற பெண்கள் தலைநிமிர்ந்தும் பேசினர். தைலம் விடுதலை தராது. எனினும் தம் உடலைத் தாமே மதிக்கும் உணர்வு விடுதலைக்குப் பகையன்று.

இன்னொரு செய்தியும் உண்டு. 2003இல் ஆர்த்தி ரெலே, மோஹிலே என்னும் இந்திய ஆய்வாளர் இருவர் வெளியிட்ட கட்டுரையின்படி, பெட்ரோலிய எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் செய்யாததைத் தேங்காயெண்ணெய் செய்கிறது. அதிலுள்ள லாரிக் அமிலம் மயிரிழைக்குள் ஊடுருவிப் புரதம் வீணாவதைக் குறைக்கிறது. அது புது மயிரை முளைக்கச் செய்யாது. இருக்கும் மயிரைக் காக்கும். எனவே லயத்துப் பெண் ஞாயிறுதோறும் தேய்த்த அந்த ஒரு கரண்டி எண்ணெய், கனவான் வாங்கிய பெட்ரோலியத் தைலத்தைவிட மேலானது. இலங்கையின் தேங்காயெண்ணெய் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே மெழுகுவர்த்திக்கும் சவர்க்காரத்துக்குமாக இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. மலிவாகப் போன பொருளின் உறவினங்கள் வாசனை பூசி, சீட்டு ஒட்டி, உயர்ந்த விலையில் திரும்பின. தேயிலையின் கதையும் இதுவே அல்லவா?

இன்று நிலைமை மாறிவிட்டது என்பர். ஓரளவுக்கு உண்மைதான். இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அழகுப் பொருள்களையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்தது. 1983இல் கடலூரில் தொடங்கிய சிறுபொதி ஷாம்பு வாணிபத்தைப் போன்ற முயற்சிகளின் விளைவாக, ஒரு முழுக்குக்கான சரக்கு ஏழையின் கைக்கும் எட்டியிருக்கிறது. மடுல்கெல்லக் கடைகளிலும் அப்பொதிகள் சரமாகத் தொங்குகின்றன. அவற்றின் முதுகில் சேர்க்கைப் பொருள்களின் பட்டியலும் உண்டு. ஆனால் எறும்பு போன்ற எழுத்தில், தொழிலாளப் பெண் படிக்கவியலாத மொழியில் அது இருக்கிறது. அன்று இரகசியம் மௌனமாக இருந்தது. இன்று இரகசியம் பேசுகிறது, எவருக்கும் விளங்காமல். முன்பக்கத்தில் மட்டும் கூந்தலழகியின் படமும் அழகிய தமிழும் அன்றுபோல் நிற்கின்றன.

ஆகவே விமர்சகனின் வேலை முடிந்துவிடவில்லை. கதையையும் கவிதையையும் எடைபோடும் நாம், மக்கள் அன்றாடம் படிக்கும் இந்த உரைநடையையும் எடைபோட வேண்டும். இச்சொல்லுக்குள் என்ன பொருள் உண்டு, யாருடைய உழைப்பு உண்டு, யாரை விட்டுவிட்டு இது பேசுகிறது என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். கூந்தலுக்கு மணம் எங்கிருந்து வருகிறது என்று நக்கீரர் கேட்டார். கூந்தல் எங்கே போயிற்று என்பது மடுல்கெல்ல முதியவர் நம்மிடம் விட்ட கேள்வி. முன்னதற்கு ஆயிரம் ஆண்டுகளாக விளக்கம் எழுதி வருகிறோம். பின்னதற்கு விடை தெரியாததன்று. அக்கயிற்றைத் தலையிலிருந்து இறக்க வேண்டும். அந்நாள் வரும்வரை, எந்தத் தைலத்தின் புகழையும் நாம் முழுமையாக நம்புவதற்கில்லை.